குழாய் ஸ்பீக்கருக்கு வரைந்த அலைகள்

போன மாதம் பெங்களூரிலிருந்து மூன்று இளைஞர்கள் என்னைப் பார்க்க ஓசூருக்கு வந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே சின்தசைசர் செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார்களாம். ஒருவர் மடிக்கணினியைத் திறந்து ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினார். ஈரக் கையால் எவர்சில்வர் தட்டைத் தேய்த்தால் வருமே, அதை மெதுவாக இழுத்த மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

"மேடம், எல்லாரும் பியானோ, வயலின்னு பண்றாங்க. நாங்க யாரும் பண்ணாத வேவ்டேபிள் பண்றோம். இதுக்கு மார்க்கெட் இருக்குங்களா? நீங்க எண்பதுகள்லயே பண்ணீங்கன்னு சொன்னாங்க."

"பண்ணோம். வித்தீங்களான்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

சிரித்தார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, நடந்ததை எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளை எழுதச் சொல்வது ஆட்டுக்கு அகத்திக்கீரையைக் காட்டுவது மாதிரி. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அப்பா தக்காளி போடுவார்; மற்ற நாளெல்லாம் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். பத்தாவது முடித்ததும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தேன். "ரேடியோ ரிப்பேரு பண்றதுக்கு எதுக்குடி படிப்பு?" என்று அம்மா கேட்டாள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சால்டரிங் கம்பியால் விரலைச் சுட்டுக்கொண்டேன், தேறினேன், ஓசூரில் வேலை கிடைத்தது. அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம் எங்களுடையது. நெருக்கி உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவோம்.

நாங்கள் செய்தது எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. பாட்டு டீச்சர்களும் பஜனைக்காரர்களும் வாங்கினார்கள். சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் முதலாளிக்கு அதில் மனம் நிற்கவில்லை.

முதலாளி என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. நாகராஜ் சார். கன்னடம் பேசுகிற வீடு. தமிழ் எங்களோடு பழகி வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய ஆலையில் டெலிபோன் சர்க்யூட் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நாம் செய்த ஒரு சத்தத்தைக் கேட்க வரும்போது ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முடிந்ததும் நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று எதுவும் வராது. "இன்னொந்து சல" என்பார். கன்னடத்தில், இன்னொரு தடவை. சில நாள் இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வராது. முதல் வருஷம் இதனால் எனக்குப் பைத்தியமே பிடித்தது. திட்டினாலாவது எங்கே தப்பு என்று தெரியுமே என்று நினைப்பேன். போகப் போக, மூன்றாவது தடவை போடும்போது எனக்கே தப்பு கேட்க ஆரம்பித்தது. பின்னாளில் என்னிடம் வேலை பழகியவர்கள் நானும் அதையே சொல்கிறேன் என்று கிண்டல் செய்தார்கள்.

அவர் மனதில் இருந்தது வேவ்டேபிள். புரியும்படி சொல்லிவிடுகிறேன். எந்தச் சுரமானாலும் ஓர் அலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஒற்றை அலையின் வடிவத்தை எண்களாக மாற்றி ஒரு சிப்புக்குள் வைத்து, சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் அந்தக் குரல் வரும். கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் மாறுகிற பல அலைகளை வரிசையாக அடுக்கிவைத்தால் அது வேவ்டேபிள். வரிசையில் முன்னும் பின்னும் நகர்ந்தால் சுரம் மாறாமல் குரலின் குணம் மட்டும் மாறும். மெதுவாகப் பேசுகிறவர் உரக்கப் பேசினால் குரல் மாறுகிறதல்லவா, அதுதான்.

வெளிநாட்டில் இதைக் கட்டைகள் வைத்த கீபோர்டாகச் செய்தார்கள். சார் கட்டைகளை எடுத்துவிட்டார். ஒரு மரப்பலகையின் மேல் ஹீட்டர் கம்பியை இழுத்துக் கட்டினார். விரலால் கம்பியை எங்கே தொடுகிறோமோ அந்தச் சுரம். வழுக்கினால் சுரமும் வழுக்கும். இடது கைக்கு ஆர்மோனியத்தின் துருத்தி. அதில் காற்றுக்கு வேலை கிடையாது. துருத்தியை அழுத்துகிற வேகத்தைப் பொறுத்து அலை வரிசையில் முன்னே போகும், பின்னே வரும். ஆர்மோனியக்காரர்களின் இடது கை ஏற்கெனவே படித்துவைத்திருக்கிற படிப்பு அது, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

"ஜப்பான்காரன் பண்ற பியானோவ நான் பண்ணா, அவனவிட மட்டமாத்தான் பண்ணுவேன்" என்பார். "அவன் பண்ணாதது எது? அத நாம பண்ணலாம், ஸ்டெல்லம்மா."

சரி, அதை யார் வாங்குவார்? அதைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரு மாதிரிப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். தருமபுரியில் ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரர், "சினிமாவுல வர்ற சவுண்டு வருங்களா?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்பறம் எதுக்குங்க இத தூக்கிட்டு அலையறீங்க?" என்று அக்கறையாகவே கேட்டார். எங்கள் ஊர்க் கோயிலில் பாட்டுச் சொல்லித்தருகிற உபதேசியார் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இது அந்திக்கிறிஸ்து வரப்ப வாசிக்கற மாதிரி இருக்குதும்மா" என்றார். அப்பாவுக்குத் தெரிந்த சந்தை பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தை. அங்கே யாரும் வித்தியாசமான தக்காளி இருக்கிறதா என்று கேட்டு வருவதில்லை. எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, இருந்தது. அதன் வாத்தியார் பெயர் பெருமாள். கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர்; ஜமாவை நடத்துகிறவரும் அவர்தான். அவரிடம் சுருதிப்பெட்டியையாவது தள்ளிவிடலாம் என்று போனேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"சுதியெல்லாம் எங்ககிட்ட இருக்குதும்மா. ஊதறவந்தான் இல்ல. முகவீண ஊதற மாதையனுக்கு கொடலெறக்கம்னு ஆப்பரேசன் பண்ணிட்டாங்க. இனி ஊதவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அவனுக்கு ஏதாச்சும் பொட்டி இருந்தா குடு."

முகவீணை தெரியாதவர்களுக்காக: நாதஸ்வரத்துக்குத் தம்பி, முழங்கையைவிடக் குட்டை. கூத்தில் பாட்டுக்குப் பின்னாலேயே ஓடுவது அதுதான். கீச்சென்று இருக்கும், ஆனால் அழத் தெரிந்த கீச்சு.

"ஆர்மோனியம் இருக்குதில்லீங்களா?" என்றேன்.

"ஆர்மோனியம் பாடும். அழாது. படுகளத்தன்னிக்கு அழணும்."

எங்கள் பக்கத்தில் கூத்துத் திருவிழாவின் கடைசி நாள் படுகளம். அது மட்டும் பட்டப்பகலில் நடக்கும். ஊருக்கு வெளியே மண்ணால் ஒரு பெரிய ராஜாவைப் படுத்த நிலையில் செய்து, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றியே கூத்து. ராஜா விழுந்ததும் அவனுடைய தாய் வந்து ஒப்பாரி வைப்பாள். சுற்றுப்பட்டுச் சனம் முழுக்க அதற்காக வந்து நிற்கும்.

"மாதையன் இருவது வருசமா எங்கூட இருக்கறான். ஆனா ஜமாவுக்கு முகவீண வேணும். சேலத்துப் பக்கம் ஒரு ஆள சொல்லி வெச்சிருக்கறன்" என்றார் பெருமாள் வாத்தியார். "படுகளத்துக்குள்ள உங்க பொட்டி ஆவுதுன்னா, அவன் எடம் அவனுக்குத்தான். ஆவலன்னா நான் என்னா பண்றது, சொல்லு."

ஓசூருக்குத் திரும்பி சாரிடம் சொன்னேன். இத்தனை நாளில் ஒருவர் இன்ன சத்தம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

அடுத்த வாரமே மாதையன் அண்ணன் வந்தார். கூடவே அவர் மனைவி முனியம்மா அக்கா, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு. அண்ணன் ஒல்லியான மனிதர், ஊதி ஊதிக் கன்னம் மட்டும் தொளதொளவென்று இருக்கும். பேனா பிடிக்கிற பெண்கள் எல்லோருமே அவருக்கு டீச்சர்தான்.

"டீச்சரம்மா, ரெண்டு கையில வாசிச்சத ஒத்த வெரல்ல வாசிக்கச் சொல்றீங்க. மிச்ச வெரலெல்லாம் என்னா பண்ணும்?"

"வெத்தல மடிக்கும்" என்றாள் முனியம்மா அக்கா.

கூத்துக்காரர்கள் எல்லோரும் எப்போதாவது ஆர்மோனியத் துருத்தியை அழுத்தியவர்கள்தான். அதனால் இடது கை அவருக்குத் தொந்தரவு தரவில்லை. கம்பியிலும் சீக்கிரமே விரல் ஓடியது. கையைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. குரல்தான் வேண்டியிருந்தது.

குரல் செய்கிற முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை. இப்போது ஒரு பொத்தானில் முடிகிற காரியம் அது. மைக்செட்காரர் ஒருவரிடம் முந்தின வருஷத் திருவிழாவில் மாதையன் அண்ணன் ஊதியதை ஆம்ப்ளிஃபயரிலிருந்தே நேராகப் பதிவு செய்த கேசட் இருந்தது. அதில் ஒரே சுரத்தை அவர் நீட்டிப் பிடித்த இடங்களைத் தேடி எடுத்து, பெரிய டேப்பில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓடவிடுவோம். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற ஆசிலாஸ்கோப் திரையில் அலை நிற்கும். திரைமேல் பட்டர் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் அலையை வரைந்து எடுப்பேன். பிறகு வரைபடத் தாளில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக உயரத்தைப் படித்து, எண்களாக்கி, மைக்ரோபிராசசர் கிட்டின் பொத்தான்களில் ஒவ்வொன்றாக அடித்து, சிப்பில் ஏற்ற வேண்டும். ஓர் எண் தவறினால் சுரத்தில் முள் குத்தும். ஏற்றிய எண்களை அழிப்பதற்குச் சிப்பை ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைப்போம். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்து. யாரும் அவசரத்தில் மூடியைத் திறந்துவிடக் கூடாது என்று சார் அதன்மேல் ஒரு மாரியம்மன் படத்தை ஒட்டியிருந்தார். கத்தோலிக்கச்சியான நானும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திறப்பேன்.

வரைவதற்கு முன்னால் சார் ஒரு சடங்கு வைத்திருந்தார். செய்யப்போகிற சத்தத்துக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் எழுதிக் காட்ட வேண்டும். நான் "கூர்மை, நடுக்கம், அழுகை" என்று எழுதினேன். கடைசிச் சொல்லை அடித்துவிட்டார்.

"அழுகை கேக்கறவங்க பண்றது. பொட்டி என்ன பண்ணணும், அத எழுதும்மா."

யோசித்து, "மூக்கடைப்பு" என்று எழுதினேன். தலையை ஆட்டினார்.

அப்படி ஒவ்வோர் அலையாக வரைந்து அடுக்கினோம். துருத்தியை மெல்ல அழுத்தினால் கனிந்த, அடக்கமான குரல். வேகமாக அழுத்தினால் அடிவயிற்றிலிருந்து எழுகிற குரல். எங்கள் அறையில் தேக்குமரப் பெட்டிக்குள் வைத்த ஒரு நல்ல ஸ்பீக்கர் இருந்தது. சார் தன் கையாலேயே செய்தது, அவருக்கு அதில் பெருமை உண்டு. அதில் கேட்டோம். சார் சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு "இன்னொந்து சல"வுக்குப் பிறகு திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. மாதையன் அண்ணன் கம்பியைத் துண்டால் துடைத்தார். அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது எனக்கு.

படுகளத்துக்கு முன்னால் ஒத்திகை மாதிரி, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்த் திருவிழாவில் சாயங்காலம் வாசிக்க ஏற்பாடு. மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், நம் ஊர்த் திருவிழா எல்லாவற்றிலும் கட்டுகிற அதே அலுமினியக் குழாய். மைக்செட்டில் எங்கள் பெட்டியைச் செருகினோம். மாதையன் அண்ணன் சாமியைக் கும்பிட்டுவிட்டு முதல் சுரத்தைத் தொட்டார்.

கேட்டது முகவீணை அல்ல. நீளமாக, தட்டையாக, கொஞ்சமும் அசையாமல் ஒரு ஊளை. கூட்டத்தில் சர்க்கரை மில்லில் வேலை பார்க்கிற ஆட்கள் சிலர் இருந்தார்கள். ஒருவன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான்.

"டேய், மில்லுல சங்கு ஊதிட்டான்! ஷிப்ட்டுக்குக் கெளம்புங்கடா!"

கூட்டமே சிரித்தது. மாதையன் அண்ணன் துருத்தியை இன்னும் வேகமாக அழுத்தினார், பாவம். அழுத்த அழுத்தச் சங்குதான் ஊதியது. பெருமாள் வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஆர்மோனியத்தோடு கூத்து தொடர்ந்தது.

பஸ் நிறுத்தத்தில் முனியம்மா அக்கா என்னிடம் சொன்னாள்: "ஆப்பரேசனுக்கு உள்ள கூட்டிக்கிட்டு போறப்பகூட இந்த மனுசன் இப்பிடி மொகத்தத் தொங்கப்போடல டீச்சரம்மா. வூட்டுல சும்மா கெடந்திருப்பாரு. நீங்கதான் ஆச காட்டுனீங்க."  ஓசூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெளியே போய், மைக்செட் கடையிலிருந்து ஒரு குழாய் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து வந்தார். எங்கள் கூரையில் அதைக் கட்டி, தேக்குப்பெட்டி ஸ்பீக்கரோடு சேர்த்து இணைத்தார். "நீ ரோட்டுல போய் நில்லு. நான் உள்ள வாசிக்கிறேன். சத்தம் எப்ப மாறுதோ அப்ப கைய தூக்கு" என்றார்.

நின்றேன். சத்தம் வந்தது. காத்திருந்தேன். பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் வந்து என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். இன்னும் அதே சத்தம்தான். பொறுமை இழந்து ஜன்னலுக்கு வந்து, "சார், எப்பங்க சார் ஆரம்பிப்பீங்க?" என்று கத்தினேன்.

சார் உள்ளே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "நான் இவ்வளவு நேரமா துருத்திய ஏத்தி எறக்கிட்டுத்தான்மா இருக்கேன்" என்றார்.

அறைக்குள் நுழைந்தேன். தேக்குப்பெட்டியில் குரல் கனிந்தும் சீறியும் அழகாக அலைபாய்ந்தது. வெளியே ஓடினேன். குழாயில் ஆணி அடித்த மாதிரி ஒரே ஊளை. இப்போது சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். குழாய் ஸ்பீக்கர் சத்தத்தின் கீழ்ப்பகுதியை, அந்தத் தடித்த ஒலியை, வெளியே விடாது. கீச்சென்ற மேற்பகுதியை மட்டும் ஊர்கேட்க வீசும். நாங்கள் அலைக்கு அலை வைத்த வித்தியாசம் எல்லாம், அந்தக் கனிவெல்லாம், கீழ்ப்பகுதியிலேயே இருந்தது. மேற்பகுதி எல்லா அலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். துருத்தி அசைத்ததெல்லாம் குழாய் விழுங்குகிற பாகத்தை. கோயில் திருவிழாவிலிருந்து கல்யாணம் வரைக்கும் குழாயிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அவரும் அப்படித்தான். கம்பெனிக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் தேக்குப்பெட்டிக்கு மயங்கிவிட்டோம்.

எல்லாச் சிப்பையும் மாரியம்மன் பெட்டிக்குள் போட்டோம். அலைகளை முதலிலிருந்து வரைந்தேன். இந்தத் தடவை மேற்பகுதியில்தான் உயிர். அலையின் ஓரங்களில் பல் பல்லாக, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வரைந்து, அந்தப் பல் அலைக்கு அலை நகர்கிற மாதிரி வைத்தேன். காது வைத்துக் கேட்பது எப்போதும் ரோட்டில். சார் கண்ணை மூடிக்கொண்டு தொழிற்பேட்டை ரோட்டின் ஓரத்தில், வேலியைப் பார்த்து நிற்பார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார்கள். டீக்கடைக்காரர், "சார், இன்னிக்கு நேத்தவிட கொஞ்சம் பரவால்ல, நேத்து பால் திரிஞ்சிடுச்சு" என்பார். ஒருநாள் காலை சத்தம் குழாயிலிருந்து இறங்கி, தேம்பி, எழுந்தது. சார் "இன்னொந்து சல" சொல்லவில்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதே சத்தம் தேக்குப்பெட்டியில் சகிக்கவில்லை. தகரத்தை ஆணியால் கீறின மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்து வாத்தியக் கடைக்காரர் ஒருவர் வந்தார். சார் பல மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆள். அவர் ஒரு பெட்டியைக் கடையில் வைத்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள்; சார் கண்ட கனவு முழுக்க அந்தக் கடை வழியாகத்தான் போக வேண்டும். அறையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினோம். முகத்தைச் சுளித்தார்.

"வெளிய ரோட்டுல வந்து கேளுங்க" என்றார் சார்.

"நாகராஜ், என் கடைக்கு வர்றவங்க கடைக்குள்ளதான் நிப்பாங்க. ரோட்டுல நிக்க மாட்டாங்க."

நியாயமான பேச்சு. அவர் கெட்டவர் அல்ல. பழைய அலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, "அத மறுபடி போட்டுக் குடுங்க. இன்னிக்கே கார்ல எடுத்துக்கிட்டுப் போறேன். கடைய புதுசா தெறக்கறோம், முன்னாடி வெக்கறேன்" என்றார்.

வாசிக்கிற நிலையில் எங்களிடம் இருந்தது அந்த ஒரே பெட்டி. இன்னொன்று செய்யச் சாமான் வரவேண்டும். படுகளம் நெருங்கிவிட்டது. இவருக்குக் கொடுத்தால் மாதையன் அண்ணனுக்கு இல்லை. நான் சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் கெஞ்சிவிடும் என்று பயம்.

"பெட்டி ஒருத்தருக்குச் சொல்லியாச்சு" என்றார் சார்.

"யாரு? பெரிய ஆர்டரா?"

"ஒரே ஆளு."

கடைக்காரர் சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார். சார்தான் கார் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கடைக்காரர் திரும்ப வரவே இல்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கம்பிப்பெட்டி கைவிரலுக்குள் எண்ணிவிடுகிற அளவுதான் போயிற்று. எங்களைக் காப்பாற்றியது கடைசிவரை சுருதிப்பெட்டிதான். சாருக்கு அதில் வருத்தம் இருந்தது. மறைத்தாரே தவிர, இருந்தது.

படுகளத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்கு வெளியே வயல்காட்டில் மண் ராஜா மீசையோடு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். புளியமரத்தில் இரண்டு குழாய். சார் ஓசூரிலிருந்து வேட்டி கட்டி வந்திருந்தார். பந்தல் ஓரத்தில் மாதையன் அண்ணன் பெட்டியோடு உட்கார்ந்தார். பின்னால் முனியம்மா அக்கா. சேலத்து ஆளும் வந்திருந்தான். தன் முகவீணையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்துவர ஆயத்தமாக, கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தான். 

தாய் வேஷம் கட்டினவர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து, மண் ராஜாவின் காலடியில் விழுந்து ஒப்பாரியை எடுத்தார். முதல் அடி முடிந்தது. மாதையன் அண்ணன் கம்பியைத் தொட்டார். இடது கை மெல்ல அழுந்தியது. புளியமரத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பி, வயல்மேல் போய், தேம்பி நின்று, மறுபடி எழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் வேஷக்காரர் அடுத்த அடியை இன்னும் மேலே எடுத்தார். குரல் அவரைத் துரத்திக்கொண்டு போனது. என் பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பெருமையில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எப்பிடீங்க இருக்குது முகவீண?" என்றேன்.

"மாதையன் ஊதறானில்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றாள்.

"அவரு ஊதலீங்களே. அது பொட்டி."

"சும்மா இரும்மா. அங்க பாரு, ஊதறது கண்ணுக்குத் தெரியுது."

பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது நிஜம். மாதையன் அண்ணனின் இரண்டு கன்னமும் பலூன் மாதிரி உப்பியிருந்தன. வாயில் ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, இல்லாத முகவீணையை மூச்சுப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். ஊதக் கூடாது என்று டாக்டர் சொன்னது அத்தனையும் போச்சு. முனியம்மா அக்காவும் பார்த்துவிட்டாள். பின்னாலிருந்து எட்டி, ஒரு வெற்றிலையைச் சுருட்டி அவர் வாயில் திணித்தாள். "இத அடக்கிக்கிட்டு வாசி. வயிறு கிழிஞ்சிரும்" என்று அவள் அதட்டியது மைக்கிலும் விழுந்தது. அவர் வெற்றிலையைக் கடித்துக்கொண்டே வாசித்தார். ஒப்பாரி முடிகிறவரை அவள் கை அவர் கன்னத்துப் பக்கத்திலேயே இருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, வரப்பில் நின்றிருந்தார்.

கூத்து முடிந்து, சனம் மண் ராஜாவின் மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தபோது, பெருமாள் வாத்தியார் வேஷத்தோடேயே வந்தார். நெற்றியில் வண்ணம் வழிந்தது. மாதையன் அண்ணன் எழுந்து நின்றார். வாத்தியார் சேலத்து ஆளைப் பார்த்துக் கும்பிட்டு, "சாப்ட்டுட்டு போ தம்பி" என்றார். பிறகு மாதையன் அண்ணனைப் பார்த்து, "செவ்வாக்கெழம அடுத்த ஊர்ல கொடி ஏறுது. நேரத்துக்கு வந்துரு" என்றார்.

 முனியம்மா அக்காதான் கேட்டாள்.

"வாத்தியாரே, மைக்செட்டு பேட்டரில ஓடும். இந்தப் பொட்டி ஓடாதே. நடுவுல கரண்டு போயிருச்சின்னா?"

வாத்தியார் கிரீடத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"போனா போவுது. எல்லாரும் உக்காந்துக்கலாம். கரண்டு வந்த பெறகு சாவட்டும் ராசா."